கற்றாழை பிழைத்துக்கொள்ளும், நாம்?



போன மாதம் ஒரு தம்பி என் தோட்டத்துக்கு வந்திருந்தார். சென்னையில் கணினி வேலை. ஊரில் அப்பாவுடைய இரண்டு ஏக்கர் செவல் நிலம் சும்மா கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் கிடையாது. அதை என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் பதிலையும் கையோடு கொண்டு வந்திருந்தார். பளபளவென்று அச்சடித்த நாலு பக்கத் தாள்.

"ஐயா, பாலைவனத்துச் செடி. தண்ணியே வேண்டாமாம். ஆடு மாடு கடிக்காதாம். கம்பெனிக்காரங்களே வந்து வெட்டி எடுத்துக்குவாங்களாம். ரெண்டு ஏக்கர்லயும் சோற்றுக்கற்றாழை போட்டுடலாமா?"

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். 2006-ல் இதே மாதிரி ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. அப்போது நான் ஒரு கிராமத்துக் கிளையில் மேலாளர். அதை நம்பிக் கடன் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் கற்றாழையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடன் கோப்பு

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய பகுதி. மழை வருடத்துக்கு 650 மில்லிமீட்டர் பெய்தால் பெரிய விஷயம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். பனையும் முருங்கையும் உடையும்தான் அங்கே நிலைத்து நிற்கும். அந்த ஊரில் ஒரு அண்ணாச்சி. பெயர் வேண்டாம். ஒன்றே கால் ஏக்கர், நாலு மாடு, பத்துப் பனை. வாங்கிய கடனை ஒருநாள் தவறாமல் கட்டுகிற மனுஷர்.

ஒரு நிறுவனம் வந்தது. ஒரு கன்று 6 ரூபாய், ஏக்கருக்குப் பத்தாயிரம் கன்று. கன்றை அவர்கள் தருவார்கள், மடலை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், ஒப்பந்தம் உண்டு என்றார்கள். திட்ட அறிக்கை அழகாக இருந்தது. வறண்ட நிலம், வறட்சி தாங்கும் செடி, விற்பனைக்கு உத்தரவாதம். ஒரு வங்கி அதிகாரி எதைக் குறை சொல்ல முடியும்? எனக்கும் அந்த வருட விவசாயக் கடன் இலக்கு பாக்கி இருந்தது. அறுபதாயிரம் கன்றுக்கு, இருபதாயிரம் உழவுக்கும் நடவுக்கும் என்று எண்பதாயிரம் கொடுத்தேன். போதாததற்கு அவர் வீட்டம்மா கழுத்துச் சங்கிலியும் நகைக்கடனாக எங்கள் பெட்டகத்துக்கே வந்தது.

செடி பிரமாதமாக வந்தது. அதில் பொய் இல்லை. பத்தாவது மாதம் மடல் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். நிறுவனத்தின் லாரி ஒரே ஒரு தடவை வந்தது. ஒரு லோடு எடுத்துப் போனது. அதற்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. அதன் பிறகு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அலுவலகம் இருந்த கட்டடத்தில் வேறு கடை வந்துவிட்டது.

அண்ணாச்சி என்னிடம் வந்து ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. 2007-ல் மூன்று மாட்டை விற்று, பனையில் ஐந்தை வெட்டிக் கொடுத்து, கடனை வட்டியோடு அடைத்தார். சங்கிலியை மட்டும் மீட்க முடியவில்லை. அது ஏலத்துக்குப் போனது. அடுத்த வருடம், 2008 பிப்ரவரி 29-ஆம் தேதி, மத்திய பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். கடன் நிலுவையில் இருந்தவர்களுக்குத் தள்ளுபடி. முன்னாடியே கட்டி முடித்த இவருக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலைத் தயார் செய்ததும் நான்தான். அவர் பெயர் இல்லாத பட்டியல்.

வரப்பில் வீசிய செடி

2016 மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். அப்பாவின் நிலத்துக்கே திரும்பி வந்தேன். அந்த வருடம் பார்த்து வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் வழக்கமான அளவைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நான் ஆசையாக வைத்த கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் கண் முன்னாலே காய்ந்தன.

அந்தக் கோடையில் ஒருநாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். மனதில் உறுத்தல்தான் காரணம். அவர் நிலத்தின் மேற்கு வரப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். வரப்பு நெடுகச் சோற்றுக்கற்றாழை. சிவந்து, மெலிந்து, ஆனால் உயிரோடு. சுற்றிலும் புல் பூண்டு கூட இல்லை.

"இது அந்தக் கற்றாழையா?" என்று கேட்டேன்.

"அதேதான் சார். அன்னைக்குக் கோவத்துல புடுங்கி வரப்புல வீசினேன். நட்டுக்கூட வைக்கல. அதுவா வேரு விட்டுக்கிடுச்சு. கம்பெனி போச்சு, மாடு போச்சு, இது மட்டும் போவமாட்டேங்கு."

கிளம்பும்போது ஒரு சாக்கில் பத்துக் கன்று போட்டுக் கொடுத்தார். "வீட்டுக்குப் பத்துப் போதும் சார். பத்தாயிரம்தான் வேண்டாம்" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் விளக்கம்.

தாங்குவது செடி, நாம் அல்ல

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியப் பாலைநிலம். பல ஆண்டு வாழும் செடி. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும்போது கூடவே நீரையும் ஆவியாக விட்டுவிடும். இது பகலில் கடையைச் சாத்திவிட்டு இரவில் திறக்கிற செடி. இரவுக் குளிர்ச்சியில் கரியமிலவாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அதை உணவாக மாற்றுகிறது. கள்ளியும் அன்னாசியும் இதே ரகம்தான். கிடைத்த தண்ணீரை மடலுக்குள் சோறாகப் போட்டு வைத்துக்கொள்ளும். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, சேமிப்பு என்றால் என்ன என்று அது காட்டுகிறது.

ஆனால் இங்கேதான் நாம் ஒரு இடத்தில் சறுக்குகிறோம். வறட்சியைத் தாங்கும் செடி என்றதும், வறட்சியில் நம்மைத் தாங்கும் பயிர் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. தண்ணீர் இல்லாத காலத்தில் கற்றாழை சாகாது, அவ்வளவுதான். வளரவும் வளராது. மடல் மெலியும், சுருங்கும். எடைக்கு விற்கிற பொருளுக்கு எடையே இல்லாமல் போகும். கடன் தவணையோ வட்டியோ அப்படிச் சுருங்காது. செடி பிழைத்துக்கொள்ளும், கடன்காரர் பிழைப்பது வேறு கணக்கு.

வங்கிக்காரன் கணக்காகவே இன்னும் இரண்டு விஷயம் பார்ப்போம்.

முதலாவது, கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு லாரி மடல் ஏற்றினால் பெரும்பாலும் தண்ணீருக்குத்தான் லாரி வாடகை. வெட்டிய மடலைச் சீக்கிரமே பதப்படுத்தியாக வேண்டும். வைத்திருந்து விலை ஏறும்போது விற்க இது மிளகாய் வற்றல் அல்ல. ஆக, ஆலை தொலைவில் இருந்தால், வாங்குகிறவர் ஒருவரே இருந்தால், அவர் சொல்வதுதான் விலை. வர மாட்டேன் என்றால் அதுவும் விலைதான், சைபர்.

இரண்டாவது, கன்று வியாபாரம். ஒரு தாய்ச்செடி தானாகவே பக்கக்கன்றுகளை ஈன்று தள்ளும். எங்கள் பக்கம் வேலியோரத்தில் சும்மா கிடைக்கிற கன்றைத்தான் அன்று 6 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த நிறுவனத்தின் லாபம் மடலில் இல்லை, கன்றில் இருந்தது. அதை நான் அப்போது பார்த்திருக்க வேண்டும். கன்று விற்பவரே விளைச்சலையும் வாங்குவேன் என்று சொன்னால், அவருக்கு நாம் விவசாயி அல்ல, வாடிக்கையாளர். காட்டாமணக்கில் பார்த்தோம், ஈமு கோழியில் பார்த்தோம். பொருள் மாறுகிறது, தாள் மாறவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே கற்றாழையை வயலில் போட்டு விற்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. அப்படிப் போட நினைக்கிறவர் மூன்றே கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ளட்டும். மடலை வாங்க எட்டும் தொலைவில் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்களா? கன்றை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் சும்மாவோ மலிவாகவோ வாங்க முடியுமா? ஒரு வருடம் ஒரு கிலோகூட விற்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் போடுங்கள், கடன் இல்லாமல். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வீட்டுத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பத்து: நான் கெடுத்துக் கற்றது

அண்ணாச்சி கொடுத்த பத்துக் கன்றில் ஆறை நான் கொன்றேன். வறட்சியால் அல்ல, அன்பால். சமையலறைத் தண்ணீர் வீணாகிறதே என்று அங்கணக்குழி ஓரத்தில் வரிசையாக நட்டேன். நமக்குத்தான் பழக்கம் ஆயிற்றே, அடியில் வைக்கோல் மூடாக்கு கனமாகப் போட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜீவாமிர்தம். ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக அடி அழுகிச் சாய்ந்தது. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது.

"வரப்புல வீசினதே பொழைச்சிருக்கு. நீங்க ஊட்டி ஊட்டிக் கொன்னுட்டிய" என்றாள் என் மனைவி. மீதி நாலையும் பிடுங்கி, அழுகலை அரிந்துவிட்டு, ஒரு வாரம் திண்ணையில் காயப் போட்டு, கிழக்குச் சுவர் ஓரம் மேட்டில் நட்டது அவள்தான். இன்று அந்த நாலு நாற்பதாகி, ஊருக்கே கன்று போகிறது.

அதிலிருந்து கற்றது இவை:

இடம்: மேடான, தண்ணீர் நிற்காத இடம். செம்மண், சரளை, மணல் கலந்த மண் நல்லது. கரிசலாக இருந்தால் ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, பாதிக்குப் பாதி மணலும் உடைந்த ஓட்டுச் சில்லும் கலக்க வேண்டும். நல்ல வெயில் வேண்டும். உச்சிக் கோடையில் மடல் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், மழை கண்டால் பச்சை திரும்பும். பிற்பகல் நிழல் சற்றுக் கிடைத்தால் இன்னும் நல்லது.

நடவு: ஒரு சாண் உயரமான பக்கக்கன்றாக எடுங்கள். வெட்டுவாய் உலர நிழலில் நாலைந்து நாள் போட்டு வைத்துவிட்டு நடுங்கள். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணில் வைத்தால் அழுகும். செடிக்குச் செடி இரண்டு அடி. மடலின் அடிப்பாகம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

தண்ணீர்: நட்ட மூன்றாம் நாள் ஒருமுறை. வேர் பிடித்த பிறகு கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் குடத்தைக் கீழே வையுங்கள்.

எரு: வருடத்துக்கு ஒருமுறை, செடிக்கு இரண்டு கை மக்கிய ஆட்டு எரு அல்லது மண்புழு உரம். அதற்கு மேல் கரைசல், கஷாயம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மூடாக்கு நம் மண்ணுக்கு உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் கற்றாழையின் அடியை ஒட்டி மட்டும் போடாதீர்கள். ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.

பூச்சி: மடல் இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி வரும். எறும்பு சாரை ஏறினால் அதுதான் அடையாளம். ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கிவிடும்.

அறுவடை: எட்டுப் பத்து மாதம் பொறுங்கள். வெளிச்சுற்றில் இருக்கும் பெரிய மடலாக இரண்டு மூன்றுதான் எடுக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பக்கக்கன்றுகளைப் பிரித்துவிடுங்கள். நெருக்கமாக விட்டால் எல்லாமே குட்டையாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்டவாளம் ஓரமாக வேலிக்கு வைத்திருக்கும் பெரிய முள் நுனி உடைய ஆனைக்கற்றாழை வேறு இனம். அதன் பால் பட்டால் தோல் எரியும். கடைகளில் அழகுக்கு விற்கும் கற்றாழை வகைகளையும் உண்ணப் பயன்படுத்தாதீர்கள். சோற்றுக்கற்றாழையைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து கன்றாக வாங்குவதே சரி.

சர்வரோக நிவாரணி அல்ல

நம் கூட்டங்களில் சில நண்பர்கள் கற்றாழையை எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரசாயனக் கம்பெனிகள் மிகைப்படுத்துகின்றன என்று சொல்கிற நாமே மிகைப்படுத்தலாமா?

மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையின் கரியபோளம். நம் பாட்டிமார் மடலை நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, தோல் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் அலசியதற்குக் காரணம் இதுதான். அதைச் சடங்கு என்று நினைத்துத் தோலோடு மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கற்றாழையின் முழு இலைச் சாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

எங்கள் வீட்டில் அதன் உபயோகம் சின்னது. கோடையில் எப்போதாவது, அலசிய சோறு இரண்டு துண்டு மோரில். தலைக்குத் தேய்க்க எண்ணெயில். அடுப்பில் லேசாகச் சுட்டுக்கொண்டால், முதலில் குளிர்ந்த தண்ணீரில் பத்து இருபது நிமிடம் பிடித்துவிட்டு, அப்புறம் சுத்தமான சோற்றைத் தடவுவது. கொப்புளம் போட்ட பெரிய புண் என்றால் நேராக ஆஸ்பத்திரிதான். இவ்வளவுதான். இவ்வளவு போதாதா? ஒரு மூலையில் காசில்லாமல், காவல் இல்லாமல், ஆடு கடிக்காமல் நிற்கிற செடியிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறோம்?

பத்தை வையுங்கள், பத்தைக் கொடுங்கள்

வறட்சி மறுபடியும் வரும். கிணறு வற்றுகிற வருடத்தில் தோட்டத்தில் எதுவுமே பச்சையாக இல்லை என்றால் மனுஷனுக்கு மனசு விட்டுப்போகிறது. 2017-ல் எனக்கு அதுதான் நடந்தது. நிலத்தை விற்றுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணாச்சியின் வரப்பைப் பார்த்த பிறகுதான் வேலியோரத்தில் பிரண்டை, மேட்டில் கற்றாழை, அதற்கப்பால் முருங்கை என்று தண்ணீர் கேட்காதவற்றிலிருந்து திரும்பத் தொடங்கினேன். வேலியும் மூலையும் உயிரோடு இருந்ததால்தான் அடுத்த மழைக்கு நிலத்தில் நானும் இருந்தேன். இப்படிப்பட்ட செடிகளின் இடம் அதுதான்: வீட்டின் ஓரம், வரப்பு, வேலி. முழு வயலும் அல்ல, அடமானப் பத்திரமும் அல்ல.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "அப்ப ரெண்டு ஏக்கருக்கு என்னய்யா பண்றது?" என்றார். முதல் வருடம் மழைநீரை நிறுத்த வரப்பை உயர்த்தச் சொன்னேன். ஆடிப்பட்டத்தில் விதைத்து மடக்கி உழப் பலதானியம், ஓரத்தில் பனைவிதை, அப்புறம் மானாவாரியாகக் கம்பும் உளுந்தும். பணம் மெதுவாகத்தான் வரும். ஆனால் யாரும் வந்து ஏலம் போட மாட்டார்கள்.

போகும்போது ஒரு சாக்கில் பத்துக் கன்று போட்டுக் கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார். "இதுக்குக் காசு வாங்கினா எனக்கு அண்ணாச்சிகிட்ட முகம் இருக்காது தம்பி. அடுத்த வருஷம் நீங்க இன்னொருத்தருக்குப் பத்துக் கொடுங்க, கணக்கு சரியாப் போயிடும்" என்றேன்.

இதை வாசிக்கிற உங்களிடமும் அதையே கேட்கிறேன். பத்து வையுங்கள். பெருகியதும் பத்தைச் சும்மா கொடுங்கள். இந்தச் செடியை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டாலே போதும். பளபளப்பான தாளோடு வருகிறவருக்கு அந்த ஊரில் வேலை இருக்காது.

அண்ணாச்சிக்கு நான் பட்ட கடன் அடையாது. சங்கிலி திரும்பி வராது. கொஞ்சம் வட்டியாவது கட்டுவோம் என்றுதான் இதை எழுதினேன்.